மக்னீசியத்தின் உள்வரப்புகள்

முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களில் வடகோடியில் இருப்பது வேம்பார். அங்கிருந்து தெற்கே வைப்பார், வேப்பலோடை, தருவைகுளம் எனத் தூத்துக்குடி வரை இறங்கினாலும், கிழக்கே மாரியூர், வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் கரையில் நடந்தாலும் கண்ணில் படுவது உப்பளம்தான். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் இருக்கின்றன.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. பாத்தியில் நிற்கும் நீர் வெயிலில் வற்றி, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவுகோலில் 25 டிகிரியைத் தொட்டதும் சோற்றுப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்குவதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அப்படியே விட்டுவைத்தால் உப்பில் கசப்பு ஏறும். மூட்டையில் கட்டி அடுக்கினாலும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். வடித்த அந்த நீரைத் தொட்டு விரல்களைத் தேய்த்துப் பாருங்கள்: எண்ணெய் பட்டதுபோல வழவழக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் கரிப்பு குறைவு, கசப்பு அதிகம். அந்தக் கசப்புக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணத்துக்கும் முக்கியக் காரணம் மக்னீசியம் குளோரைடு.

1,000 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிலோ மக்னீசியம் கரைந்திருக்கிறது. அதை உலோகமாக்கினால் முக்கால் லிட்டர் பாத்திரம் நிறையும். இது நடக்காத கற்பனை இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃப்ரீபோர்ட் கடற்கரையில், டவ் நிறுவனம் 1941இலேயே கடல்நீரிலிருந்து மக்னீசியம் உலோகத்தை எடுத்துக் காட்டியது. நம் பக்கத்தில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மக்னீசியம் குளோரைடை உருக்கி, மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பத்தை வளர்த்தது. அதை நம்பி வாலிநோக்கத்தில் தமிழ்நாடு மக்னீசியம் மற்றும் கடல்சார் வேதிப்பொருள் நிறுவனம் என்ற அரசு நிறுவனமே அமைக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை.

உலோகத்தைக் கடலிலிருந்து எடுப்பது பாதி வேலை. எடுத்த மக்னீசியத்தை நம்பி ஒரு பாரத்தை ஏற்றலாமா என்பது மீதிப் பாதி. அந்தக் கேள்விக்கு விடை உலோகத்துக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடுகளில் இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தக் கோடுகளைப் பற்றியது.

எடை குறைவு, பிடிவாதம் அதிகம்

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இரும்புக் கட்டி 7.87 கிலோ. அதே அளவு அலுமினியம் 2.70 கிலோ. மக்னீசியம் வெறும் 1.74 கிலோ. இயந்திரங்களைக் கட்டப் பயன்படுத்தும் உலோகங்களில் இதைவிட இலேசானது வேறில்லை. காரின் எடை குறைந்தால் எரிபொருள் குறையும். மின்கார் என்றால் ஒரே மின்னேற்றத்தில் கூடுதல் தூரம் போகும். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இத்தனை ஆதாயம் இருந்தும் நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் அலுமினியம் அளவுக்கு மக்னீசியம் இல்லை.

தூய மக்னீசியத்தை வார்த்துக் கம்பியாக்கிக் கையில் எடுத்தால் காரணம் புரியும். சிறிய பாரத்துக்கே அது விட்டுக்கொடுக்கத் தொடங்கும். சரி, மென்மையான உலோகம்தானே, இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று வளைத்தால், கொஞ்ச தூரத்திலேயே விரிசல் விடும். மென்மையாக இருப்பது நன்றாக நீளும், கடினமாக இருப்பது உடையும் என்பதுதான் உலோகங்களைப் பற்றிய நம் பொது அனுபவம். மக்னீசியம் இரண்டு பக்கத்துக் குறையையும் சேர்த்து வைத்திருக்கிறது. எளிதில் உருமாறும், ஆனால் அதிகம் உருமாறாது.

மணிகளும் எல்லைகளும்

உருகிய மக்னீசியம் 650 டிகிரி செல்சியஸில் உறையும். உறைதல் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இடங்களில் சின்னஞ்சிறு படிகங்கள் ஒரே சமயத்தில் முளைத்து, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய திசையில் அணுக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு வளரும். வளர்ந்து பக்கத்துப் படிகத்தோடு முட்டியதும் நிற்கும். இப்படி உருவாகும் ஒவ்வொரு படிகத்தையும் மணி என்போம். இரண்டு மணிகள் முட்டி நிற்கும் இடம் மணி எல்லை.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளை உழவு முடிந்த கையோடு உயரத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புஞ்சையிலும் உழவுச் சால்கள் ஒழுங்காக, இணையாக ஓடும். ஒருவர் புஞ்சையில் கிழக்கு மேற்காக ஓடும். அடுத்தவர் புஞ்சையில் கோணலாக ஓடும். நடுவே வரப்பு. ஒரு புஞ்சைக்குள் சாலோடு சாலாக நடப்பது எளிது. வரப்பைத் தாண்டினால் சாலின் திசை மாறிவிடும். வந்த வழியே நேராகப் போக முடியாது. மணிக்குள் அணு வரிசைகள் அந்தச் சால்கள். மணி எல்லை அந்த வரப்பு.

உலோகம் எப்படி வளைகிறது? அணுத் தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால். ஆனால் ஒரு தளம் முழுவதும் ஒரே வீச்சில் வழுக்குவதில்லை. அப்படி நடக்க வேண்டுமானால் உலோகங்கள் நாம் காண்பதைவிடப் பல நூறு மடங்கு உறுதியாக இருந்திருக்கும். படிக அடுக்கில் ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோகும் குறை இருக்கிறது. அந்தக் குறை இடத்துக்கு இடம் நகர, நகர, தளம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது. இதை இடப்பிறழ்வு என்பார்கள். டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற மூவரும் தனித்தனியாக 1934இல் இந்த விளக்கத்தைக் கண்டடைந்தார்கள். உலோகத்தை உறுதியாக்குவது என்றால், சுருக்கமாக, இடப்பிறழ்வுகளின் ஓட்டத்தை மறிப்பதுதான். மணி எல்லை அந்த வேலையைத்தான் செய்கிறது.

மக்னீசியத்துக்கு வழிகள் குறைவு

அலுமினியத்தின் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. இடப்பிறழ்வு ஓடுவதற்கு அங்கே 12 வழிகள், எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு எளிது. மக்னீசியத்தின் அணுக்கள் அறுகோண ஒழுங்கில், அடித்தளத்தின் மேல் அடித்தளமாக அடுக்கப்பட்டவை. அந்த அடித்தளத்தில் வழுக்குவது மிக எளிது. தூய மக்னீசியத்தின் ஒற்றைப் படிகத்தில் இதற்கு ஏறத்தாழ அரை மெகாபாஸ்கல் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின்மேல் விழும் விசை, போதும். அதே படிகத்தைப் பக்கவாட்டுத் தளத்தில் வழுக்க வைக்க 40 மெகாபாஸ்கல் அளவுக்குத் தேவைப்படும். எளிய வழி ஒன்று. மற்ற வழிகள் அதைப்போலப் பல பத்து மடங்கு கடினம்.

பல மணிகள் சேர்ந்த உலோகத்தில் இது பெரிய சிக்கலாகிறது. ஒரு மணி உருமாறும்போது அதைச் சுற்றியுள்ள மணிகளும் அதற்கு இசைவாக உருமாற வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் வெற்றிடம் விழும். எந்த வடிவத்துக்கும் இசைந்து கொடுக்க ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 5 சார்பற்ற வழுக்கு வழிகள் வேண்டும் என்பது 1928இல் ஃபான் மீசஸ் நிறுவிய விதி. மக்னீசியத்தின் அடித்தளம் தருவது 2 மட்டுமே. மேலும் ஒரு குறை உண்டு: அடித்தள வழுக்கலால் படிகத்தை அதன் உயர அச்சின் திசையில் நீட்டவோ குறுக்கவோ முடியாது. தூய மக்னீசியம் மென்மையாக இருந்தும் விரிசல் விடுவது இதனால்தான். எளிய வழி ஒன்றில் வேகமாக உருமாறுகிறது. மற்ற திசைகளில் பக்கத்து மணிக்கு ஈடுகொடுக்க முடியாமல் எல்லையில் பிளக்கிறது.

ஆகவே மக்னீசியத்தில் எல்லை இரண்டு வேலைகளைச் செய்கிறது. இடப்பிறழ்வை மறித்து உறுதி தருவதும் அதுதான். இசைவு கெட்டால் முதலில் பிளவுபடுவதும் அதுதான். இந்த உலோகத்தை ஆராய்பவர்கள் எல்லோரும் கடைசியில் எல்லைகளிடம் வந்து சேர்வதற்குக் காரணம் இந்த இரட்டைப் பங்கு.

வரப்பைக் கூட்டினால்

1951இல் ஷெஃபீல்டில் இருந்த ஹால், இரும்பின் மணி சிறுக்கச் சிறுக்க அது உருமாறத் தொடங்கும் தகைவு கூடுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1953இல் லீட்ஸில் இருந்த பெட்ச் இரும்பு பிளவுபடும் தகைவுக்கும் அதே உறவு பொருந்துவதைக் கண்டார். ஹால் – பெட்ச் விதி என்று இன்று ஒவ்வொரு உலோகவியல் மாணவரும் படிப்பது இதைத்தான். விதி எளிது: மணியின் விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, ஒரு மாறிலியை அதனால் வகுத்தால், எல்லைகள் தரும் கூடுதல் உறுதி கிடைக்கும்.

மக்னீசியத்துக்கு அந்த மாறிலி கலவையையும் செய்முறையையும் பொறுத்து மாறும். விட்டத்தை மைக்ரானிலும் தகைவை மெகாபாஸ்கலிலும் அளந்து, மாறிலி 250 என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். மணி 100 மைக்ரான், அதாவது தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமன் என்றால், எல்லைகளின் பங்கு 25 மெகாபாஸ்கல். மணியை 25 மைக்ரானாகச் சிறுக்கினால் 50. நான்கு மைக்ரானில் 125. ஒரு மைக்ரானில் 250. கலவையின் சேர்மானத்தைத் தொடாமல், வேறொரு தனிமத்தைச் சேர்க்காமல், மணியின் அளவை மட்டும் நூறில் ஒரு பங்காக்கி எல்லைகள் தரும் உறுதியைப் பத்து மடங்காக்கலாம்.

அலுமினியத்துக்கு இந்த மாறிலி 70 அளவில்தான் இருக்கும். அதாவது மணியைச் சிறுக்குவதற்குச் செலவிடும் உழைப்புக்கு மக்னீசியம் மூன்று நான்கு மடங்கு கூடுதல் பலன் தருகிறது. காரணம் முன்பு பார்த்த அதே வறுமை. அலுமினியத்தில் எல்லையில் மறிக்கப்பட்ட இடப்பிறழ்வு, அடுத்த மணியில் ஏதாவது ஒரு எளிய வழியைத் தட்டி எழுப்பிவிடும். மக்னீசியத்தில் அடுத்த மணியின் எளிய வழி பெரும்பாலும் வேறு திசையில் இருக்கும். எல்லையின் மறுபக்கத்தில் கடினமான வழியைத்தான் திறக்க வேண்டியிருக்கும். வழிகள் குறைவாக இருப்பது இந்த உலோகத்தின் குறை. எல்லைகள் வலிமையான தடையாக நிற்பதும் அந்தக் குறையால்தான்.

சிறுமணி இன்னொரு நன்மையும் செய்கிறது. எல்லையை ஒட்டிய பகுதிகளில் தகைவு குவியும்போது, சாதாரணமாக உறங்கிக் கிடக்கும் கடினமான வழுக்கு வழிகளும் விழித்துக்கொள்கின்றன. மணி சிறுத்தால் உலோகத்தில் எல்லையை ஒட்டிய பகுதியின் பங்கு கூடும். ஆகவே உறுதியோடு நீளும் தன்மையும் கூடுகிறது. பெரும்பாலான வழிகளில் உறுதியைக் கூட்டினால் நீட்சி குறையும். மணியைச் சிறுக்குவது அந்த விதிக்கு ஒரு விலக்கு.

மணியைச் சிறுக்க வழி என்ன? உருகிய நிலையிலேயே ஒரு துளி சிர்கோனியம் சேர்ப்பது பழைய வழி. 1930களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. சிர்கோனியமும் அறுகோண ஒழுங்கு. அதன் அணு இடைவெளி மக்னீசியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆகவே உருகிய உலோகத்தில் மிதக்கும் சிர்கோனியத் துகள்களின்மேல் மக்னீசியம் எளிதாக முளைக்கிறது. முளைகள் கூடினால் மணிகள் சிறுக்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான சிர்கோனியம், மில்லிமீட்டர் கணக்கில் இருந்த மணிகளைப் பத்துக் கணக்கான மைக்ரானுக்கு இறக்கிவிடும். ஆனால் கலவையில் அலுமினியம் இருந்தால் சிர்கோனியம் அதோடு சேர்ந்துகொண்டு வீணாகிவிடும். ஆகவே அலுமினியம் சேர்த்த கலவைகளுக்கு வேறு வழி தேவை: சூடாக உருட்டுவது, அச்சின் வழியே பிதுக்குவது, வளைந்த வழியில் திரும்பத் திரும்பத் தள்ளுவது, சுழலும் கருவியால் கிளறுவது. சூட்டோடு கசக்கும்போது பழைய மணிகள் சிதைந்து, அவற்றின் எல்லைகளில் புதிய சிறு மணிகள் முளைக்கின்றன.

நுண்ணோக்கியின் கீழே

ஒரு பிதுக்கிய மக்னீசியத் தண்டிலிருந்து விரல்நக அளவு துண்டு ஒன்றை வெட்டி எடுப்போம். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, 800, 1200, 2000 என்று நைஸாகிக்கொண்டே போகும் தாள்களில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திசையை மாற்றி, முந்தைய தாளின் கீறல்கள் மறையும் வரை தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பே உருமாறி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். கடைசி மெருகுக்கு ஒரு மைக்ரான் வைரப் பசை. இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஆகாது. மக்னீசியம் நீரோடு வினைபுரிந்து கறுத்துவிடும். எத்தனாலால்தான் கழுவ வேண்டும்.

இப்போது துண்டு கண்ணாடிபோலப் பளபளக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. பிக்ரிக் அமிலம், அசிட்டிக் அமிலம், எத்தனால், கொஞ்சம் நீர் கலந்த கரைசலில் சில நொடிகள் தோய்க்க வேண்டும். பளபளப்பு மங்கி, மேற்பரப்பில் இளம் பழுப்பு ஏறும். உடனே எத்தனாலில் அலசி, காற்றில் உலர்த்தி, மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தால் அதுவரை வெறுமையாக இருந்த பரப்பில் மணிகளும் அவற்றைச் சுற்றிக் கறுத்த எல்லைக்கோடுகளும் எழுந்து நிற்கும். எல்லையில் அணுக்கள் ஒழுங்கு குலைந்து கிடப்பதால் அங்கே ஆற்றல் கூடுதல். அமிலம் முதலில் அங்கேதான் கடிக்கிறது.

அதே தண்டிலிருந்து இன்னொரு துண்டை, தண்டின் நீள வாக்கில் சில சதவீதம் மட்டும் அழுத்திவிட்டு, அதே முறையில் மெருகேற்றித் தோய்த்துப் பாருங்கள். மணிகளுக்குள்ளே, முன்பு இல்லாத, இரு முனையும் கூர்மையான மெல்லிய பட்டைகள் தெரியும். அவை இரட்டைப் படிகங்கள். வழுக்க வழியில்லாதபோது மக்னீசியம் கையாளும் மாற்று வழி அது. மணியின் ஒரு பகுதி முழுவதும் சட்டென்று 86 டிகிரி அளவு திரும்பி, மீதிப் பகுதிக்குக் கண்ணாடிப் பிம்பமாக நின்றுகொள்கிறது. திரும்பிய பகுதிக்கும் திரும்பாத பகுதிக்கும் நடுவே புதிதாக ஒரு எல்லை பிறக்கிறது. அதன் பெயர் இரட்டை எல்லை.

இரட்டைப் படிகத்துக்கு ஒருதலைப்பட்சம் உண்டு. மக்னீசியத்தில் மிக எளிதாகப் பிறக்கும் வகை, படிகத்தின் உயர அச்சு நீளும்போது மட்டுமே தோன்றும், குறுகும்போது தோன்றாது. பிதுக்கிய தண்டில் பெரும்பாலான மணிகளின் உயர அச்சு தண்டின் நீளத்துக்குச் செங்குத்தாகப் படுத்திருக்கும். தண்டை நீளவாக்கில் இழுத்தால் உயர அச்சு குறுகும். இரட்டைப் படிகம் வராது. தண்டு உறுதியாக நிற்கும். அதே தண்டை அழுத்தினால் உயர அச்சு நீளும். இரட்டைப் படிகங்கள் மளமளவெனப் பிறக்கும். இழுவையில் தாங்கியதில் பாதியிலேயே தண்டு விட்டுக்கொடுக்கலாம். ஒரே பாகம் சில நேரம் இழுபடவும் சில நேரம் அழுத்தப்படவும் வேண்டிய கார் இருக்கையிலும் விமானச் சட்டத்திலும் இது ஆபத்து. வடிவமைப்பாளர் இழுவை உறுதியை மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியாது.

இதற்கும் மருந்து எல்லையிடமே இருக்கிறது. மணியைச் சிறுக்கினால் வழுக்கலைவிட இரட்டைப் படிகம் பிறப்பது அதிக வேகத்தில் கடினமாகிறது. ஒன்றிரண்டு மைக்ரான் அளவு மணிகளில் இழுவைக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான அந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

எல்லையில் யார் குடியிருக்கிறார்கள்?

இதுவரை எல்லைகளை எண்ணிக்கையாக மட்டும் பார்த்தோம். எல்லையில் எந்த அணுக்கள் வந்து தங்குகின்றன என்பதும் அதே அளவு முக்கியம்.

உலகில் அதிகம் வார்க்கப்படும் மக்னீசியக் கலவை ஏ.இசட்.91. அதில் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். மெல்ல உறைந்தால் அலுமினியத்தின் ஒரு பகுதி மணிகளுக்குள் தங்காமல் எல்லைகளில் ஒதுங்கி, மக்னீசியத்தோடு சேர்ந்து ஒரு நொறுங்கும் சேர்மமாகிறது. அறை வெப்பத்தில் அது ஓரளவு வலு தரும். 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது மென்மையாகி, எல்லைகள் மெல்ல மெல்லச் சறுக்கத் தொடங்கும். இறுக்கி முடுக்கிய போல்ட்டும் நாளடைவில் தளரும். ஸ்டியரிங் சட்டத்துக்கும் மடிக்கணினி உறைக்கும் நன்றாக உழைக்கும் இந்தக் கலவையைச் சூடாகும் என்ஜின் பாகங்களுக்கு நம்ப முடியாதது இதனால்தான். அங்கே அரிமண் தனிமங்கள் சேர்த்த கலவைகள் வேண்டும். அவை எல்லைகளில் சூட்டைத் தாங்கும் சேர்மங்களை அமைக்கின்றன.

2013இல் சயன்ஸ் இதழில் நியே தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு இந்தக் குடியிருப்பின் ஒழுங்கை அணு அணுவாகக் காட்டியது. மக்னீசியத்தில் கடோலினியமும் துத்தநாகமும் சேர்த்து, இரட்டைப் படிகங்கள் பிறக்கும்வரை உருமாற்றி, பிறகு மிதமாகச் சூடாக்கினார்கள். இரட்டை எல்லையில் சில இடங்களில் அணு இடைவெளி விரிந்தும் சில இடங்களில் நெருக்கியும் இருக்கும். மக்னீசியத்தைவிடப் பெரிய கடோலினிய அணுக்கள் விரிந்த இடங்களிலும், சிறிய துத்தநாக அணுக்கள் நெருக்கிய இடங்களிலும் சீரான இடைவெளியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்படி உட்கார்ந்தபின் அந்த எல்லையை நகர்த்துவது கடினம். உருமாற்றிய உலோகத்தைச் சூடாக்கினால் மென்மையாகும் என்பது பொது அறிவு. இங்கே சூடாக்கியதால் அது உறுதியானது.

எல்லை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று. கவாமுராவின் குழு 2001இல் மக்னீசியத்தோடு 1 அணுச் சதவீதம் துத்தநாகமும் 2 அணுச் சதவீதம் இட்ரியமும் சேர்த்து, மிக வேகமாக உறைய வைத்துத் தூளாக்கி, அதைச் சூட்டில் பிதுக்கிக் கெட்டியாக்கியது. கிடைத்த மணிகள் 100 முதல் 200 நானோமீட்டர். உருமாறத் தொடங்கும் தகைவு ஏறத்தாழ 610 மெகாபாஸ்கல். நீட்சி 5 சதவீதம். பல கட்டுமான எஃகுகளைத் தாண்டிய உறுதி அது, எடையோ எஃகில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நுண்மணிகளோடு, கலவைக்குள் அணுத் தளங்கள் புதுவிதமாக அடுக்கப்பட்டிருந்ததும் அந்த உறுதிக்குக் காரணம்.

மணியை எவ்வளவு வேண்டுமானாலும் சிறுக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. மணிகள் மிகச் சிறுத்துவிட்டால் எல்லைகளே அறை வெப்பத்திலும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கத் தொடங்கும். தூய உலோகத்தில் சில நேரம் உறுதி கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யும். எல்லைகளைக் கூட்ட வேண்டும். கூட்டியபின் சரியான அணுக்களைக் கொண்டு அவற்றைக் கட்டிப்போடவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல கலவை.

முத்துச்சிப்பி செய்த பாடம்

மன்னார் வளைகுடாவில் இதே பாடத்தை வேறொரு பொருளில் செய்து காட்டும் உயிர் இருக்கிறது. வேம்பாருக்கு எதிரே கடலில் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் வேம்பார்த் தொகுதி. இந்தக் கடலடிப் பார்களில் வாழும் முத்துச்சிப்பியின் ஓட்டின் உட்புறமும் முத்தின் மேலடுக்கும் ஒரே பொருள். வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் முதன்முதலாக வளர்த்தெடுத்த முத்தும் அதே பொருளால் ஆனதுதான்.

அதில் 95 சதவீதம் அரகோனைட் என்ற சுண்ணப் படிகம். அரகோனைட்டைத் தனியாக எடுத்துத் தட்டினால் நொறுங்கிவிடும். சிப்பி அதை ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமனுள்ள தகடுகளாக அடுக்கி, தகடுகளுக்கு நடுவே மெல்லிய புரதப் படலத்தை வைக்கிறது. ஒரு விரிசல் உள்ளே நுழைந்தால் நேராகப் பாய முடியாது. ஒவ்வொரு தகட்டு எல்லையிலும் திரும்பி, தகடுகளைச் சறுக்கி, ஆற்றலை இழந்து நின்றுவிடும். அதே சுண்ணம்தான், எல்லைகளை நெருக்கமாக அமைத்து, அவற்றில் சரியான பொருளை வைத்ததால் அதன் தாங்கும் திறன் பல மடங்காகிறது. மக்னீசிய ஆய்வாளர்கள் எல்லையின் எண்ணிக்கை, எல்லையின் இயல்பு என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டதை, சிப்பி ஒரே அமைப்பில் செய்து முடித்திருக்கிறது.

இங்கிருந்து எங்கே?

எல்லை அறிவு இன்று ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மக்னீசியத்தால் செய்த எலும்புத் திருகாணி 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எலும்பு கூடியபின் உடலே அதைக் கரைத்துக்கொள்ளும், திரும்ப அறுத்து எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பதை மணி அளவும், எல்லைகளில் படிந்த சேர்மங்களும் பெருமளவு தீர்மானிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடும் அமெரிக்க இராணுவ ஆய்வகத்தோடும் சேர்ந்து, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் மாற்றாக வண்டிகளில் பயன்படும் உறுதியான மக்னீசியக் கலவை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த வேலையின் மையமும் உள்ளமைப்பைச் செம்மைப்படுத்துவதுதான்.

ஆனால் அந்த ஆய்வுகளுக்கு வேண்டிய மக்னீசியம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. இந்தியா தன் தேவையை இறக்குமதியால் நிறைவேற்றிக்கொள்கிறது. சேலத்தில் வெள்ளைக்கல் என்னும் மக்னசைட் இருக்கிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் உப்பளங்கள் வடித்துவிடும் கசப்பு நீர் இருக்கிறது. காரைக்குடியில் அனுபவம் இருக்கிறது. உலோகத்தைப் பிரிக்கும் ஆலையும், அதை உருட்டிப் பிதுக்கி நுண்மணியாக்கும் பட்டறையும், எல்லைகளைப் படித்துச் சொல்லும் ஆய்வகமும் ஒரே சங்கிலியாக இணைந்தால்தான் இந்தத் தொழில் நிற்கும். உலோகக் கட்டியை மட்டும் விற்கும் ஆலை சந்தை விலை இறங்கும்போது மூடப்படும். அந்தக் கட்டியை உறுதியான பாகமாக்கத் தெரிந்த ஊர் நிலைத்து நிற்கும்.

வேம்பாரிலும் வைப்பாரிலும் விளாத்திகுளத்திலும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயத்தின் கடைசி வார்த்தை. உங்கள் ஊர் உப்பளத்தில் வடித்துவிடும் நீருக்குள் உலகமே தேடும் ஒரு உலோகம் இருக்கிறது. அதை உறுதியாக்கும் வழி இன்னும் முழுமையாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இயற்பியலும் வேதியியலும் ஊன்றிப் படியுங்கள். உலோகவியல் என்று ஒரு படிப்பு இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது.